அளக்கும் கையை அளப்போம்!

"கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு?" என்பது நம் வீடுகளில் அன்றாடம் வழங்கும் பழமொழி. கண்ணுக்கு நேரே தெரிவதைக் காண இன்னொரு கருவி வேண்டியதில்லை என்பது அதன் கருத்து. பழமொழி பொய்க்காது என்பார்கள். ஆயினும், கையைப் பொறுத்தவரையில் அது பொய்த்துப் போவதை என் குடும்பத்திலேயே கண்டேன். புண் ஆறியது, தையல் பிரித்தார்கள், கை பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தது. ஆனால் அந்தக் கைக்கு உரியவர் மட்டும், "ஏய்யா, இது என் கை மாதிரியே இல்லய்யா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொன்னதே உண்மை என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு நான்கு மாதங்களும் சில நைலான் இழைகளும் தேவைப்பட்டன.

இயற்பியல் மாணவனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று பேராசிரியப் பெருமக்கள் கேட்கலாம். நான் மருத்துவத்தைப் பற்றி எழுதவில்லை. அளத்தலைப் பற்றி எழுதுகிறேன். அது நம் துறைக்கு உரியதுதானே?

நம் முன்னோர் உலகத்தைக் கையால் அளந்தார்கள். விரற்கடை, சாண், முழம், பிடி, சிட்டிகை என்று எல்லாமே கையிலிருந்து பிறந்த அளவுகள். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் இன்றும் பூவை முழக்கணக்கில்தான் விற்கிறார்கள். என் அத்தை அங்கே பூக்கட்டி விற்பவர். பேசிக்கொண்டே, பேருந்திலிருந்து இறங்குபவரைப் பார்த்துக்கொண்டே கட்டுவார். கண்ணுக்கு அங்கே வேலையில்லை. பெருவிரலும் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் பார்த்துக்கொள்ளும். நாருக்குள் காம்பு எவ்வளவு நுழைந்தது, முடிச்சு எவ்வளவு இறுகினால் காம்பு ஒடியாது என்பதெல்லாம் அந்த விரல் நுனிகளுக்குத் தெரியும்.

நம் பகுதியே கைகளால் பிழைக்கும் பகுதி என்பதை யாரும் மறுக்க முடியாது. ராஜபாளையத்து நூற்பாலைகளில் அறுந்த இழையை முடிக்கும் விரல்கள், சத்திரப்பட்டித் தறிகளில் கட்டுத்துணி நெய்யும் கைகள், பால்கோவாக் கடைகளில் அடிபிடிக்காமல் துடுப்புப் போட்டுக் கிண்டும் கைகள். ஆண்டாளின் இடக்கையில் அமரும் கிளியை நாள்தோறும் மரவள்ளி இலையும் மாதுளம்பூவும் கொண்டு புதிதாகச் செய்கிறார்களே, அந்தக் கைகளை எண்ணிப் பாருங்கள். இவற்றில் ஒன்றுக்குக் கேடு வந்தால் ஒரு வீட்டின் அடுப்பு அணையும்.

சென்ற ஆண்டுக்கு முந்தைய ஐப்பசியில் அத்தை கண்ணாடிச் சீசா ஒன்றைக் கழுவும்போது அது உடைந்து வலது மணிக்கட்டில் ஆழமாக வெட்டியது. மணிக்கட்டின் நடுவே செல்லும் நரம்பு அறுந்திருந்தது. அதை இணைத்துத் தைத்தார்கள். அந்த வேலையில் குறை சொல்ல எனக்குத் தகுதியுமில்லை, காரணமுமில்லை. (கட்டுப் போட்ட துணி எங்கள் சத்திரப்பட்டியில் நெய்ததாகக்கூட இருக்கலாம்; என் தந்தை அங்கே தறி ஓட்டுகிறவர். அன்று அவர் அந்தக் கட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.) ஆறு வாரம் கழித்து, பிசியோதெரபி என்று நாம் சொல்லும் இயன்முறை சிகிச்சைக்காக ஓரிடத்திற்கு அனுப்பப்பட்டோம். அங்கிருந்தவர், "அம்மா, கையை மூடுங்க" என்றார். அத்தை மூடினார். "திறங்க." திறந்தார். "நல்லா மூடுதே! சரியாயிடுச்சு. இனி வேலை பார்க்கலாம்." சீட்டில் எழுதப்பட்டவை மூன்றே சொற்கள்: கை இயக்கம் நன்று.

நன்று என்றால் எவ்வளவு நன்று? சோதனைச்சாலையில் நான் ஒரு கம்பியின் தடிமன் "நன்று" என்று எழுதிக் கொடுத்தால் என் பதிவேட்டில் கையெழுத்துக் கிடைக்குமா?

தை மாதத்தில் ஒருநாள் அடுப்பிலிருந்து பால் பாத்திரத்தை இறக்கியபோது ஆட்காட்டி விரல் கொதிக்கும் விளிம்பில் ஒட்டியபடியே இருந்திருக்கிறது. அத்தைக்குத் தெரியவில்லை. தோல் கருகிய வாடையை வைத்துத்தான் தெரிந்திருக்கிறது. கொப்புளத்தைக் காட்டி அவர் அழுதது வலியால் அல்ல. வலிக்கவில்லையே என்ற அச்சத்தால்.

கை மூடுவது ஒன்று. கை உணர்வது வேறொன்று. இந்த வேறுபாட்டை உலகுக்கு உரக்கச் சொன்ன வரலாறு நம் தமிழ்நாட்டிலேயே நிகழ்ந்தது என்பதைப் பின்னர் படித்து வியந்தேன். கொல்லிமலையில் 1914இல் பிறந்து, இங்கிலாந்தில் மருத்துவம் கற்று, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர் டாக்டர் பால் பிராண்ட். செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றவர், விரல்கள் மடங்கிப்போன ஒருவரிடம் தம் கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார். வலுவிழந்த பிடியை எதிர்பார்த்தவருக்குக் கை நொறுங்கும் அளவுக்கு வலித்ததாம். அழுத்தியவருக்கோ, தாம் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியவில்லை. தசைகளில் பல நன்றாக இருந்தன, உணர்வுதான் போயிருந்தது. தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, உணர்வற்ற விரல்களில் ஓயாமல் படும் காயங்களே அவற்றைத் தேய்க்கின்றன என்ற உண்மை அவரும் அவருடைய குழுவினரும் வேலூரில் செய்த பணியால் நிலைபெற்றது. அறுவைச் சிகிச்சையால் விரல்களை நிமிர்த்தியதோடு அவர்கள் நிற்கவில்லை. நிமிர்ந்த விரலைக் கொண்டு ஒரு மனிதன் தொழில் செய்யக் கற்க வேண்டும் என்று நவஜீவ நிலையத்தை அமைத்தார்கள். பிராண்ட் பின்னர் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்று, கையின் இயக்கவியலைப் பற்றி 1985இல் ஒரு நூலே எழுதினார். நெம்புகோலும் திருப்புத்திறனும் நிறைந்த நூல்! வீங்கிய கையை நீர் நிறைந்த கலத்தில் அமிழ்த்தி, வழியும் நீரை அளந்து, வீக்கம் வடிகிறதா என்று பார்க்கும் முறையும் கார்வில்லில் வளர்ந்ததே. ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை நாம் தேர்வுக்கு எழுதி மறந்துவிடுகிறோம். அவர்கள் அதில் ஒரு கையை வைத்தார்கள்.

மாசியில் அத்தையை மதுரைக்கு அழைத்துச் சென்றோம். அங்கே ஓர் இளம் இயன்முறை மருத்துவர், என்னைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவராக இருப்பார், ஒரு தாளில் கையின் உருவத்தை வரைந்துகொண்டார். "அம்மா, கண்ணை மூடிக்கோங்க. தொட்டது தெரிஞ்சா மட்டும் சொல்லுங்க" என்றார். சிறு பிடியில் செருகிய நைலான் இழையைத் தோலின்மேல் செங்குத்தாக வைத்து, அது வளையும்வரை அழுத்தி எடுத்தார். மெல்லிய இழை, பிறகு சற்றுத் தடித்தது, அதைவிடத் தடித்தது என்று மாறின. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாக்ஸ் ஃபான் ஃபிரே என்பவர் முடிகளைக் கொண்டு செய்த சோதனையின் வழிவந்தது இது. 1960 அளவில் செம்ஸ், வைன்ஸ்டைன் என்ற இருவர் நைலானில் இதை நிலைப்படுத்தினர்.

இதிலுள்ள இயற்பியல் என்னை மயக்கியது. ஓர் இழையை நுனியில் அழுத்தினால் ஒரு குறிப்பிட்ட விசையில் அது வளையத் தொடங்கும். அந்த விசை இழையின் நீளத்தையும் தடிமனையும் பொருளையும் சார்ந்தது. வளையத் தொடங்கிய பின் சோதிப்பவர் சற்றுக் கூடுதலாக அழுத்தினாலும், தோலின்மேல் விழும் விசை ஏறக்குறைய மாறுவதில்லை. சோதிப்பவரின் கைநடுக்கமும் அவசரமும் அளவுக்குள் புகாதபடி இழையே காத்துக்கொள்கிறது. பேனா முனையால் குத்தி "தெரியுதா?" என்று கேட்பதற்கும் இதற்கும் உள்ள தொலைவு, அடிக்கோலுக்கும் திருகு அளவிக்கும் உள்ள தொலைவு.

0.05 கிராம் விசையில் வளையும் மெல்லிய இழையை உணர்ந்தால் அவ்விடத்தில் உணர்வு இயல்பானது. தாளில் பச்சை நிறம். அடுத்து 0.2 கிராம், நீலம். 2 கிராம், ஊதா. 4 கிராம் இழையைத்தான் உணர்கிறார் என்றால் சிவப்பு. சூட்டிலிருந்தும் வெட்டிலிருந்தும் காத்துக்கொள்ளும் உணர்வு அங்கே இல்லை என்று பொருள். அத்தையின் சுண்டுவிரல் முழுதும் பச்சை. பெருவிரல் அடியில் சிவப்பு. ஆட்காட்டி விரல் நுனியிலும் நடுவிரல் நுனியிலும் 300 கிராம் இழைகூடத் தெரியவில்லை. அந்தத் தாளைப் பார்த்ததும் அத்தை சொன்ன சொல் எனக்கு மறக்காது: "நான் சொன்னப்போ யாரும் நம்பலயே. இப்பக் காயிதம் சொல்லுது."

நண்பர்களே, அளப்பது நோயாளியை எண்ணாக்கிவிடுகிறது என்று சிலர் குறை கூறுவர். எங்கள் வீட்டில் நடந்தது அதற்கு நேர்மாறு. எண் வந்த பிறகுதான் அத்தையின் பேச்சுக்கு வீட்டிலும் மதிப்பு வந்தது. அதற்கு முன் "சும்மா இருந்து பழகிட்டா" என்று உறவிலேயே ஒருவர் சொல்லியிருந்தார்.

பிடிவலிமையையும் அளந்தார்கள். நாற்காலியில் அமர்த்தி, முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, கருவியின் பிடியை இரண்டாம் நிலையில் வைத்து, மூன்று முறை அழுத்தச் சொல்லிச் சராசரி எடுத்தார்கள். ஏன் இத்தனை கட்டுப்பாடு என்று கேட்டேன். உடலின் நிலை மாறினால் எண்ணும் மாறும் என்றார் மருத்துவர். இடக்கை 22 கிலோ. வலக்கை 13 கிலோ. விரல்களை மடக்கும் நீண்ட தசைகளுக்கான நரம்புக் கிளைகள் மணிக்கட்டுக்கு வெகு மேலேயே பிரிந்துவிடுகின்றன. அதனால்தான் நரம்பு அறுந்த பின்னும் கை மூடியது. மூடியதைப் பார்த்துத்தான் "நன்று" எழுதப்பட்டது.

வீடு திரும்பியதும் எனக்கு ஓர் ஆசை வந்தது. என் ஆட்காட்டி விரலை வளைத்து, அசையாதபடி கம்பி வைத்துக் கட்டிக்கொண்டு, விடுதி நண்பர்கள் நால்வரிடம் பாகைமானியைக் கொடுத்து நடுமூட்டின் கோணத்தை அளக்கச் சொன்னேன். 52, 58, 60, 66 என்று நான்கு விடைகள்! விரல் ஒன்றுதான், அசையவும் இல்லை. ஒருவன் பக்கவாட்டிலிருந்து பார்த்தான் (இடமாறு தோற்றப் பிழை, முதலாண்டுப் பாடம்). ஒருவன் பாகைமானியின் மையத்தை மூட்டின்மேல் வைக்கவில்லை. எங்கே வைப்பது, எப்படிப் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டு மறுபடி அளந்தபோது நால்வரும் நான்கு பாகைக்குள் வந்துவிட்டார்கள். சென்ற மாதம் 52, இந்த மாதம் 60 என்று ஒரு சீட்டில் இருந்தால், விரல் மாறியதா, அளந்த ஆள் மாறினாரா? அளக்கும் முறை எழுதப்படாதவரை இக்கேள்விக்கு விடையில்லை. ஒரே ஆள், ஒரே கருவி, ஒரே முறை என்று மதுரையில் வற்புறுத்தியதன் காரணம் அன்று விளங்கியது.

இத்தனையும் சொன்ன பிறகு, எண்களை நம்பி நானே ஏமாந்த கதையையும் சொல்ல வேண்டும். ஆவணியில் அத்தையின் பிடிவலிமை 19 கிலோ ஆயிற்று. நான் துள்ளினேன். அத்தையோ, "எனக்கெதுக்கு ஏய்யா பத்தொம்பது கிலோ? பூ என்ன அம்புட்டுக் கனமாவா இருக்கு?" என்றார். நான் அளக்க வேண்டியதை அளக்கவில்லை, அளக்க எளிதானதை அளந்துவிட்டு மகிழ்ந்தேன் என்பது அந்த ஒரு கேள்வியில் உறைத்தது.

கையின் வலிமை வேறு, கையின் செயல் வேறு. செயலை அளக்கவும் முறைகள் உண்டு. 1969இல் அமெரிக்காவில் ஜெப்சன் என்பவரும் உடனிருந்தோரும் அமைத்த சோதனையில் ஏழு வேலைகள் உள்ளன. எழுதுதல், அட்டைகளைப் புரட்டுதல், சிறு பொருள்களைப் பொறுக்குதல், உண்பதுபோல் கரண்டியால் அள்ளுதல், காய்களை அடுக்குதல், வெற்று டப்பாவையும் கனத்த டப்பாவையும் நகர்த்துதல். ஒவ்வொன்றுக்கும் எத்தனை வினாடி என்று கடிகாரம் வைத்துக் குறிப்பார்கள். எளிய, சிறந்த ஏற்பாடு. ஆனால் கரண்டியால் அவரைவிதையை அள்ளும் வேகத்தைக்கொண்டு, சோற்றைக் குழம்பு விட்டுப் பிசைந்து உருட்டி உண்ணும் நம்மவரின் கையை முழுதும் அறிய முடியுமா? பிடிவலிமைக்கு இன்ன வயதில் இவ்வளவு என்று பலரும் எடுத்தாளும் பட்டியல் 1985இல் மில்வாக்கிப் பகுதி மக்களை அளந்து வெளியிடப்பட்டது. அவர்கள் உடல்வாகு வேறு, நம் பூக்காரரின் உடல்வாகு வேறு. கருவியைக் கடன் வாங்கலாம். அளவுகோலின் சுழியையும் சேர்த்துக் கடன் வாங்கக்கூடாது என்பது என் கருத்து.

மதுரை மருத்துவரிடம் இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அப்ப அடுத்த தடவ பூவும் நாரும் கொண்டு வாங்க" என்றார். கொண்டுபோனோம். ஒரு முழம் மல்லிகை கட்ட எவ்வளவு நேரம் என்று கடிகாரம் வைத்தார். அத்தைக்குப் பத்தொன்பது நிமிடம். ஒவ்வொரு பூவையும் கண்ணால் பார்த்துப் பார்த்துக் கட்டினார். அடிபடும் முன் எவ்வளவு ஆகும்? யார் அளந்து வைத்தார்கள்! தேரடியில் அத்தைக்குப் பக்கத்தில் உட்காரும் பூக்கார அம்மாவிடம் போய் நானே கடிகாரத்தோடு நின்றேன். நான்கு நிமிடம். "என்ன தம்பி, பந்தயமா?" என்று கேட்டார் அவர். அந்த நான்கே எங்களுக்கு இலக்காயிற்று.

கருவியே வேண்டாத அளவைகளும் உண்டு. கபான்ஜி என்ற பிரெஞ்சு மருத்துவர் 1986இல் சொன்ன முறையில், பெருவிரல் நுனி எந்த எந்த இடத்தைத் தொடுகிறது என்று பார்த்து 0 முதல் 10 வரை மதிப்பெண் இடுகிறார்கள். ஆட்காட்டி நுனியைத் தொட்டால் 3, சுண்டுவிரல் நுனியைத் தொட்டால் 6, உள்ளங்கையின் மேல்ரேகை வரை எட்டினால் 10. இதற்குப் பணமும் வேண்டாம், நேரமும் வேண்டாம். "கருவி இல்லை, அதனால் அளக்கவில்லை" என்ற சமாதானத்தை இதன் முன் எப்படிச் சொல்வது?

நேரமில்லை என்ற சமாதானம் சற்று நியாயமானது. இயன்முறை சிகிச்சைப் பிரிவுகளின் வாசலில் காத்திருக்கும் கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன். ஆனால் அன்றாடம் அளக்கச் சொல்லவில்லை. மாதம் ஒருமுறை, ஒரு கால்மணி நேரம். அறுந்து இணைந்த நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் வளர்கிறது. மணிக்கட்டிலிருந்து விரல் நுனிக்கு ஒரு சாண்கூட இல்லை என்றாலும், விரற்கடை விரற்கடையாகத்தான் உணர்வு முன்னேறும். மாதக்கணக்கில் "ஒன்றும் தெரியவில்லை" என்று துவண்டு பயிற்சியை விட்டுவிடுகிறவர்கள் எத்தனை பேரோ! முதல் ஐந்து மாதமும் அத்தையைப் பயிற்சியில் நிறுத்தியது எங்கள் ஆறுதல் மொழி அன்று. தாளில் சிவப்பு நிறம் உள்ளங்கையிலிருந்து விரலடிக்கு நகர்ந்ததுதான்.

இழப்பீட்டு மன்றத்திலும் இந்த அளவுக்கு வேலையுண்டு. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தன் முதல் அட்டவணையில் பெருவிரல் முழுதும் போனால் உழைப்புத்திறனில் 30 விழுக்காடு, ஆட்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கோ சுண்டுவிரலுக்கோ 7 என்று வகுத்தது. வெட்டுண்டதைக் கணக்கிட அட்டவணை உண்டு. ஐந்து விரலும் இருந்து உணர்வு மட்டும் போன கைக்கு? அட்டவணையில் இல்லாத காயத்துக்கு மருத்துவரின் மதிப்பீடே ஆதாரம். அந்த மருத்துவர் கையில் "நன்று" என்ற சீட்டு மட்டும் இருந்தால் தறித் தொழிலாளி எதைக் காட்டி வழக்காடுவார்? அத்தை யாரிடமும் கூலிக்கு இருப்பவர் அல்லர். அவருக்கு இந்தச் சட்டமே பேசவில்லை. ஆனால் நம் வகுப்புகளில் தறிக்காரர் பிள்ளைகளும் ஆலைத் தொழிலாளர் பிள்ளைகளும் எத்தனை பேர்!

ஆகவே நான் கேட்பது பெரிதன்று. கைக்காயத்தோடு வருபவருக்கு முதல் நாளே ஒரு தாள். அதில் கையின் படம், விரல் கோணங்கள், இழைச் சோதனை, பிடிவலிமை, அவர் தொழிலிலிருந்தே எடுத்த ஒரு வேலைக்கான நேரம். அந்தத் தாள் மருத்துவமனை அலமாரியில் அல்ல, நோயாளியின் கையில் இருக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கியபோது வீடு தேடி வரும் சேவைகளில் இயன்முறை சிகிச்சையும் இடம்பெற்றது; வீடு தேடி வருபவர் பையில் ஒரு கோணமானிக்கும் நான்கைந்து இழைகளுக்கும் இடமிருக்கும். நம் கல்லூரிக்கும் இதில் பங்குண்டு. பிடிவலிமைக் கருவிகள் நாளடைவில் தவறிப்போகும். தெரிந்த எடைகளைத் தொங்கவிட்டுச் சரிபார்ப்பது நம் சோதனைச்சாலையில் ஒரு மாலைநேர வேலை. நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் மரம் நடுவதோடு, நம் ஊர்ப் பூக்காரர், நெசவாளர், ஆலைத் தொழிலாளரின் நலமான கைகளை மருத்துவர் துணையோடு முறைப்படி அளந்து வைத்தால், மில்வாக்கியை நாட வேண்டியதில்லை. நம் துறைப் பேராசிரியரிடம் இதைச் சொன்னேன். "முதலில் உன் பதிவேட்டை முடி" என்றார், மறுக்கவில்லை.

சென்ற தையில் எடுத்த தாள் இதை எழுதும்போது என் மேசைமேல் இருக்கிறது. பெருவிரல் நுனி ஊதா. நடுவிரல் ஊதா. ஆட்காட்டி நுனி இன்னும் சிவப்பு. அடுப்பங்கரையில் துணிப்பிடி இல்லாமல் பாத்திரம் தொடக்கூடாது என்று தாளின் ஓரத்தில் எழுதியிருக்கிறது. பெருவிரல் எட்டுவது 3இலிருந்து 7. பிடிவலிமை 20 கிலோ. ஒரு முழம் மல்லிகைக்குப் பதினொரு நிமிடம். அத்தை இப்போது தேரடியில் காலை வேளையில் மட்டும் உட்காருகிறார். உதிரிப் பூ விற்கிறார், கட்டியது கொஞ்சம். அடுத்த அளவு பங்குனியில். பூவும் நாரும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.